விஆர் ஹெட்செட்: வாங்குமுன் ஒரு கணக்கு, வாங்கியபின் சில வேலைகள்

கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறொரு இடத்துக்குள் நிற்பதுபோலக் காட்டும் கருவிதான் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட். அது எப்படி என்று திருநெல்வேலிப் பக்கம் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். "தண்டச் செலவு" என்பார் ஒருவர். "பயலுவ ரெண்டு வாரம் ஆடுனானுவ, இப்ப பீரோ மேல கெடக்கு" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் தினமும் அரைமணி நேரம் அதில்தான் உடற்பயிற்சி செய்கிறார். நாலாமவருக்குத் தலை சுற்றியது, அதோடு தொடவில்லை. நாலும் உண்மைதான். ஆனால் ஒருவர் சொல்வது ஆயிரம் ரூபாய்க்குள் வரும், போனைச் செருகிப் பார்க்கும் பெட்டி, இன்னொருவர் சொல்வது முப்பதாயிரத்துக்கு மேலான கருவி. அதனால் அடுத்தவர் கருத்தைக் கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள்: எந்த மாடல்? வாங்கி எத்தனை மாதம்? கடைசியாக மாட்டியது என்றைக்கு? எதற்காக மாட்டினீர்கள்? அதோடு வேறு என்னென்ன வாங்க வேண்டிவந்தது? "கடைசியாக மாட்டியது என்றைக்கு" என்ற கேள்வி ஒன்றே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். ஆறு மாதம் வைத்திருந்தவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

பொருட்காட்சித் திடலில் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் காட்டுவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அது ரோலர்கோஸ்டர் படம். பார்ப்பவரைக் கத்தவைப்பதற்கென்றே தேர்ந்தெடுத்தது, தலைசுற்றலும் அதில்தான் அதிகம்.

எதற்கு எவ்வளவு

போனைச் செருகும் பெட்டிதான் மலிவு. 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோ கொண்டுவந்த ஜியோடைவ் இந்த வகை. அப்போது விலை 1,299 ரூபாய், 4.7 முதல் 6.7 அங்குலம் வரையுள்ள போன்களுக்கானது. பெயரில்லாத பெட்டிகள் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். வாங்குமுன் உங்கள் போனில் கைரோஸ்கோப், அதாவது போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறியும் சென்சார், இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் சென்சார் சோதிக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, பட்டியலில் 'கைரோஸ்கோப்' என்ற வரி இருக்கிறதா, போனைத் திருப்பும்போது எண்கள் மாறுகின்றனவா என்று பார்த்தால் போதும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது, அல்லது வெட்டி வெட்டித் திரும்பும்.

கைரோஸ்கோப் இருந்தாலும் இந்தப் பெட்டிக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும். நீங்கள் முன்னால் குனிந்தால் படத்தில் எதுவும் கிட்டே வராது. கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, குமட்டல் வருகிறது. "விஆரே எனக்கு ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பெட்டியை மட்டும் பார்த்தவர்கள். 360 டிகிரி காணொளி பார்த்துவிட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ள இது போதும். இதைக்கொண்டு விஆர் எப்படி இருக்கும் என்று எடைபோட முடியாது.

அடுத்தது கம்பி எதுவும் இல்லாமல் தானே இயங்கும் ஹெட்செட். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3, 2023 அக்டோபரில் 499 டாலர் 99 சென்டுக்கு வந்தது. குவெஸ்ட் 3எஸ், 2024 அக்டோபரில் 299 டாலர் 99 சென்டுக்கு வந்தது. டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 3எஸ்ஸின் அந்த விலை ஏறத்தாழ 25,500 ரூபாய். ஆனால் வரியும் வண்டிச் செலவும் வியாபாரியின் லாபமும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது அந்த விலையில் இருக்காது. இரண்டிலும் உள்ளே ஒரே சிப்தான், முக்கிய வித்தியாசம் லென்ஸில். 3எஸ்ஸில் வளையம் வளையமான ஃப்ரெனெல் லென்ஸ். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் ஒளி சிதறும். குவெஸ்ட் 3இல் உள்ள பான்கேக் லென்ஸ் ஓரம்வரை தெளிவு. விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் 3எஸ் போதும். எழுத்து படிப்பது, படம் பார்ப்பது, வீட்டு வரைபடம் காட்டுவது என்றால் கூடுதல் காசைக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வீட்டில் பிளேஸ்டேஷன் 5 ஏற்கெனவே இருந்தால் மட்டும் பிளேஸ்டேஷன் விஆர்2 பக்கம் போங்கள். அது தனியாக இயங்காது, வயரும் உண்டு. 3,499 டாலர் ஆப்பிள் விஷன் ப்ரோவைப் பற்றி இந்தக் கணக்கில் பேச ஒன்றுமில்லை.

மணிக்கணக்கில் விலை

கருவியின் விலை மட்டும் செலவு ஆகாது. கருவியோடு வரும் துணிப்பட்டை நெற்றியை அழுத்தும். குவெஸ்ட் 3இன் 515 கிராம் எடை முழுக்க முகத்தின் முன்பக்கம்தான் தொங்குகிறது. பின்மண்டையில் தாங்கும் கெட்டிப்பட்டைக்கு இரண்டாயிரம், மூவாயிரம். வியர்வைக்கு சிலிக்கோன் முகவுறை. இரண்டு கையிலும் பிடிக்கும் கைக்கருவி (கன்ட்ரோலர்) ஒன்றுக்கு ஒரு ஏஏ பேட்டரி. ரீசார்ஜ் ஆகும் நாலு பேட்டரியும் சார்ஜரும் வாங்கிவிட்டால் மாற்றி மாற்றிப் போடலாம். அதற்குமேல் விளையாட்டுகள். ஆக, 30,000 ரூபாய்க் கருவி கையில் 38,000 ஆகிவிடும்.

இப்போது மூன்று வருடம், அதாவது 156 வாரம் என்று வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் மாட்டினால் 312 மணி. மணிக்கு 122 ரூபாய் ஆகிறது. வாரம் இருபது நிமிடம்தான் என்றால் மொத்தமே 52 மணி, மணிக்கு 731 ரூபாய். கடைசியில் 12,000க்கு விற்றுவிட்டாலும் முதல் ஆளுக்கு மணிக்கு 83, இரண்டாவது ஆளுக்கு 500. ஒருவருக்கு மலிவும் இன்னொருவருக்குத் தண்டமும் ஒரே பொருளாக இருப்பது இப்படித்தான். வீட்டில் யார், வாரத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம் மாட்டுவார் என்று பெயர் சொல்ல முடியவில்லையென்றால் இரண்டாவது கணக்குதான் உங்களுடையது.

நீடித்து உபயோகமாவது எது என்பதில் அனுபவஸ்தர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தாளத்துக்கு ஏற்பக் கை வீசும் விளையாட்டும் குத்துச்சண்டைப் பயிற்சியும் முதலில். கார், விமான சிமுலேட்டர் பிடித்தவர்கள் அடுத்து. அவர்களுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் வேண்டும், செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். வீடு கட்டித்தரும் எஞ்சினியர், உள் அலங்காரம் செய்பவர் ஆகியோருக்கு இது தொழில் கருவி. சமையலறை மேடை உயரத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் காகிதத்தில் பார்த்துப் புரியாத வீட்டுக்காரர், உள்ளே நின்று பார்த்தால் அங்கேயே "இந்தச் சுவரை ரெண்டடி தள்ளுங்க" என்பார். கட்டிய சுவரை இடிப்பதைவிட அது மலிவு. படம் பார்ப்பதற்கென்று மட்டும் வாங்குபவர்தான் அதிகம் ஏமாறுகிறார். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் முடியுமுன் பேட்டரி தீர்ந்துவிடக்கூடும், அதற்குமுன் கழுத்து வலிக்கும், பக்கத்தில் யாரும் சேர்ந்து பார்க்கவும் முடியாது.

வாங்கும் இடம்

கடையில் கேட்கவேண்டியது இரண்டே: "அண்ணாச்சி, ஜிஎஸ்டி பில்லு தருவியளா, இந்தியாவுக்குள்ள வாரண்டி உண்டுமா?" 'கடை வாரண்டி' என்று சொன்னால் எத்தனை மாதம், எதற்கெல்லாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிக்கு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

மேலப்பாளையம், காயல்பட்டினம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். அண்ணனோ மச்சானோ ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது வழக்கமான வழி. கையோடு கொண்டுவந்தால் பயணியின் வரிவிலக்கு வரம்பு பொருந்தும். மற்ற சாமான்களோடு கூட்டித்தான் கணக்கிடுவார்கள், அந்தச் சமயத்து வரம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கொரியரில் அனுப்பிவிட்டு 'கிஃப்ட்' என்று எழுதினால் வரி கிடையாது என்ற நம்பிக்கை பழைய காலத்தது. இப்போது வரி உண்டு. பில், பெட்டி, சீரியல் எண் ஒட்டிய அட்டை மூன்றையும் எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னால் விற்கும்போது அவைதான் விலை பேசும்.

பழையது வாங்கினால், காசு கொடுக்குமுன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கீறல் தேடுங்கள். மூக்குக்கண்ணாடியோடு போட்டவர்களின் ஹெட்செட்டில் நடுவிலேயே கீறல் இருக்கும்.

2. மாட்டி, வெள்ளைத் திரை ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். மஞ்சளாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தால் அது வெயில் சுட்ட தழும்பு. சரிசெய்ய முடியாது, வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள்.

3. கைக்கருவியில் கட்டைவிரலால் தள்ளும் குமிழைத் தொடாமல் வையுங்கள். மெனு தானாக நகர்ந்தால் குமிழ் தேய்ந்துவிட்டது.

4. முழு சார்ஜில் இருந்து கால்மணி நேரம் ஓடவிடுங்கள். புதிதாக இருந்தபோது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நின்றது. கால்மணியில் நாலில் ஒரு பங்கு இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது.

5. விற்பவரின் கணக்கை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லி, ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் போன் செயலியில் உங்கள் கணக்கோடு இணைத்துப் பார்த்தபின் காசு. "வீட்டுக்குப் போய் நான் ரிமூவ் பண்ணிடறேன்" என்பதை ஏற்காதீர்கள்.

இடம் பார்ப்பது

நின்று ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிச் சதுரம் காலியாக வேண்டும். டவுன் ரத வீதிகளின் உள்தெருக்களில் உள்ள நீளவாக்கு வீடுகளில் நீளம் இருக்கும், அகலம் இருக்காது. கட்டிலை நகர்த்தியும் ஆறரை அடி வரவில்லையென்றால் உட்கார்ந்து ஆடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடும் இடத்தைச் சுற்றி ஹெட்செட்டில் எல்லைக்கோடு வரையும்போது சுவரை ஒட்டி வரையாமல் ஒரு அடி உள்ளே தள்ளி வரையுங்கள். கோடு கண்ணில் தெரிந்த பிறகும் வீசிய கை போய்க்கொண்டுதான் இருக்கும்.

மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். கைக்கருவியைப் பிடித்துக் கையை முழுக்க உயர்த்துங்கள். அதற்கும் ஃபேன் றெக்கைக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். தட்டுத் தாழ்ந்த ஓட்டு வீடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இது கிடைக்காது. அங்கே சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனை முன்னால் வையுங்கள். காற்று ஒரே திசையிலிருந்து முகத்தில் படுவதால் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது தெரிந்துகொண்டே இருக்கும், தலைசுற்றலும் குறையும்.

நடுவில் காலுக்கு அடையாளமாக ஒரு மிதியடி போடுங்கள். பத்தமடைப் பாய் வேண்டாம், மொசைக் தரையில் வழுக்கும். தேங்காய்நார் மிதியடி, அடியில் ரப்பர் ஒட்டியது, இரண்டடி அகலம். பாதத்தில் நார் உறுத்துகிறவரை நடுவில்தான் நிற்கிறீர்கள்.

ஹெட்செட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அதனால் இருட்டில் சரியாக வேலை செய்யாது. சுண்ணாம்பு அடித்த வெறும் வெள்ளைச் சுவரிலும் திணறும். நாட்காட்டி, படம் ஏதாவது இரண்டு மாட்டிவிட்டால் சரியாகும். பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அதில் தெரியும் பிம்பத்தை இன்னொரு அறை என்று நினைத்துக் குழம்பும். ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். படத்தில் தெரியும் கைக்கருவி உங்கள் கையைவிட்டுத் தானாக மிதந்து போனால், அறையில் சீரியல் லைட் எரிகிறதா என்று பாருங்கள். டிசம்பரில் பாளையங்கோட்டை வீடுகளில் ஸ்டாரும் குட்டி பல்புகளும் எரியும் நேரத்தில் இந்தப் புகார் வருவது இதனால்தான். கைக்கருவியில் உள்ள சிறு விளக்குகளைத் தேடும் கேமராவுக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத் தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் படம் நடுங்கினால் செட்டிங்கில் ட்ராக்கிங் அதிர்வெண்ணைத் தேடி 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50.

மொட்டைமாடி காற்றோட்டமாக இருக்கிறதே என்று அங்கே போகவேண்டாம். பகலில் வெயில் கெடுக்கும், இரவில் பற்றிக்கொள்ள அடையாளம் இல்லாமல் எல்லைக்கோடு நழுவும். முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர் கண்ணை மூடியவரைத் தடுக்காது.

வெயிலும் வியர்வையும்

லென்ஸ் வழியாகச் சூரிய ஒளி உள்ளே போனால் பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோலத் திரை கருகும், சில நொடிகள் போதும். ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஓட்டுவீட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டியது கூரையில் பதித்த கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழும் வெயில் சதுரம் காலையில் சுவரில் இருக்கும், பத்து மணிக்குப் பீரோவில், உச்சிவேளையில் மேஜையில். காலையில் நிழலாக இருந்த இடத்தில் லென்ஸ் மேலே தெரிய வைத்துவிட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது புள்ளி விழுந்திருக்கும். கழற்றியதும் லென்ஸை மூடும்படி துணி ஒன்றைப் போட்டு, பெட்டிக்குள் வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பகலில் மாட்டாதீர்கள். அறையே 35 டிகிரிக்கு மேல் போகும்போது உள்ளே இருக்கும் விசிறி வேகமெடுக்கும், படம் தடுமாறும், சூட்டு எச்சரிக்கை காட்டி அணைந்துவிடும். அணைந்ததை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். ஃபேனுக்குக் கீழே கால்மணி நேரம் கிடந்தால் தானே ஆறும். விடிகாலையும் இரவு ஏழு மணிக்கு மேலும்தான் நம் ஊருக்குத் தோதான நேரம். சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அங்கே பிரச்சினை ஈரம்: லென்ஸில் ஆவி படியும். மாட்டுமுன் ஹெட்செட்டை ஆன் செய்து ஐந்து நிமிடம் விட்டால் லென்ஸ் சூடேறி ஆவி படியாது. வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போடுங்கள்.

லென்ஸைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு. சானிடைசர், ஸ்பிரிட், வேட்டி நுனி எதுவும் ஆகாது. ஸ்பிரிட் லென்ஸின் பூச்சை உரித்துவிடும். முகத்தில் எண்ணெயோ திருநீறோ இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நுண்பொடி லென்ஸில் ஏறினால் துணியே உப்புக்காகிதமாகிவிடும். பல பேர் மாட்டும் வீட்டில் ஆளுக்கொரு முகவுறை வைத்துக்கொள்வது நல்லது, கண்வலி வரும் பருவத்தில் கட்டாயம்.

முதல் வாரம்

மாட்டுமுன் கருவிழி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிமுன் ஒரு சாண் தூரத்தில் நின்று, மில்லிமீட்டர் ஸ்கேலைப் புருவத்தில் வைத்து, வலது கண்ணை மூடி இடது கருமணியின் நடுவுக்கு நேரே பூச்சியத்தைப் பிடியுங்கள். தலையை அசைக்காமல் இடது கண்ணை மூடி வலது கருமணிக்கு நேரே உள்ள எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து நடுவிலுள்ளதை எடுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் 'பிடி (PD) எவ்வளவு' என்று கேட்டாலும் இந்த இடைவெளியை அளந்து சொல்வார்கள். குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள்தான், அருகிலுள்ளதில் வையுங்கள். உங்கள் அளவு 72 என்றால் 3எஸ் வாங்குமுன் மாட்டிப் பார்த்தே தீரவேண்டும். "மங்கலாத் தெரியுது", "கண்ணு வலிக்குது" என்ற புகார்களில் பாதி இந்த அளவு தவறாக இருப்பதால். மீதிப் பாதி, ஹெட்செட் கன்னத்தில் இறங்கி உட்கார்ந்திருப்பதால். பின்பட்டையைப் பிடரியில் தாழ்த்தி, முன்பக்கத்தை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தி, எழுத்து கூர்மையாகும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள்.

முதல் மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நின்ற இடத்தில் நின்று ஆடும் விளையாட்டுகளில் தொடங்குங்கள். குமிழைத் தள்ளி நடப்பதும் ஓடுவதும் பிறகு. செட்டிங்கில் குமிழால் திரும்புவதை, வழுக்கித் திரும்பாமல் வெட்டி வெட்டித் திரும்பும்படி ('ஸ்னாப் டர்ன்') வைத்தால் குமட்டல் குறையும். நெற்றி வியர்த்து வாயில் எச்சில் ஊறத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி, உடனே கழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும். கழற்றியதும் பைக்கை எடுக்காதீர்கள், அரைமணி நேரம் போகட்டும்.

குழந்தைகளுக்கு மெட்டா வைத்திருக்கும் குறைந்த வயது 10, அதுவும் பெற்றோர் கணக்கின் கீழ். வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டபிறகு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் கொண்டுவருவதற்கு முன்னும் கேளுங்கள், கருவிக்குள் காந்தமும் ரேடியோ அலையும் உண்டு. ஆச்சிக்குக் கைலாயமோ காசியோ காட்ட ஆசையென்றால் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, நகராத காட்சியாக, ஐந்து நிமிடம். பக்கத்தில் ஒருவர் தோளைத் தொட்டபடி நிற்கவேண்டும்.

விளையாட்டு வாங்கிப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக்கொடுக்கும் வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. மெட்டா ஸ்டோரிலும், கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்திலும் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். குமட்டல் வருமா என்று தெரிய இருபது நிமிடம் போதும்.

மூன்று மாதம் தொடாமலே கிடந்தால் விற்றுவிடுங்கள், அடுத்த மாடல் அறிவித்த அன்றே விலை விழும். அதுவரை பேட்டரியைப் பாதி அளவில் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் எழுந்திருக்காது. கைக்கருவியிலிருந்து ஏஏ பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே உள்ள தகடு பச்சையேறிவிடும். விற்கும் அன்று வாங்குபவர் முன்னாலேயே ரீசெட் செய்து, போன் செயலியிலிருந்தும் கருவியை நீக்கி, பில்லோடும் பெட்டியோடும் கொடுங்கள்.